பூனைக்குட்டி பாதம் வைத்தாற்போல

நாலு வருசமாக எனக்கு முடக்குவாதம். விடிய எழும்பினால் விரல் மடங்காது. இடியப்ப உரல் பிழிகிற வேலையை மகளிடம் விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. கையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பண்ணுவதும் எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே டென்மார்க்கில் ஆர்தரிடம் கை நீட்டிவிட்டு வந்த புளுகம் இன்னும் அடங்கவில்லை!

ஆர்தர் ஒரு ரோபோ. ஒடென்ஸ நகரத்து ரோப்கா நிறுவனம் செய்தது. ஜெல் பூசிய கையை விரித்து வைத்தேன். கமரா கையைப் பார்த்து, மூட்டுகள் எங்கெங்கே என்று கண்டுகொண்டது. ஒருவரும் பிடித்து நடத்தாமல் அந்த இயந்திரக் கை தானாகவே இறங்கி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பூனைக்குட்டி பாதம் வைத்தாற்போலத் தொட்டது!

அந்த மென்மையில்தான் விசயமே இருக்கிறது. அழற்சி வந்த மூட்டின் உட்சவ்வில் மெல்லிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனில் அவை நிறப் பொட்டுகளாகத் தெரியும். கருவியைக் கொஞ்சம் கூட அழுத்தினாலும் குழாய் நசுங்கிப் பொட்டு மறைந்துவிடும். முன்பு ஒருதரம் ஓரிடத்தில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அழுத்தம் கூடிப்போனதோ என்னவோ, நான் வீட்டுக்கு வந்து அழுதேன். ஆர்தரோ அழுத்தத்தை அளந்து அளந்து நகர்கிறது. ஒரு கைக்கு 11 மூட்டு, இரண்டுக்கும் 22. களைப்பில்லை, அவசரமில்லை.

சுட்டுவிரல் அடிமூட்டுக்கு வந்ததும் திரையில் செம்மஞ்சள் பொட்டுகள், நாடித் துடிப்போடு சேர்ந்து மின்னி மின்னி. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்த நோவைக் கண்ணால் கண்டேன்!

டயானா என்ற மென்பொருள் படங்களைப் பார்த்து மூட்டு மூட்டாக அழற்சிக்கு 0 முதல் 3 வரை புள்ளி போடுகிறது. மருந்தை முடிவுசெய்வது டொக்டர்தான்.

இதற்குப் பின்னால் இருப்பவர்களைத் தேடி வாசித்தேன். ஒருவர் மூட்டுவாத மருத்துவர் சோரன் அன்ட்ரியாஸ் யூஸ்ட். மற்றவர் தென் டென்மார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியூசியஸ் ரஜீத் சவரிமுத்து. சவரிமுத்து! அந்தப் பெயரைக் கண்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அடுத்தமுறையும் அதே மூட்டு, அதே மெல்லிய தொடுகை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தச் செம்மஞ்சள் குறைந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு இப்போதே பொறுமையில்லை.