வெள்ளிக்காசின் மேற்பரப்பை நம்பலாமா?

ரோமானியர்களின் 'தினாரியஸ்' என்னும் வெள்ளிக்காசைச் சேகரிப்பவர்கள், சற்றுப் பழகியதும் அரிய வகைகளைத் தேடத் தொடங்குவார்கள். விளிம்பில் ரம்பப் பல் வெட்டிய குடியரசுக் காலக் காசு, கி.பி. 69இல் மூன்றே மாதங்கள் ஆண்ட ஓத்தோவின் காசு, செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய அக்காலக் கள்ளக்காசு என்று அவர்களின் ஆசை விரியும். கிடைத்த காசில் வெள்ளி எவ்வளவு என்ற கேள்வி அப்போது தவறாமல் எழும்.

இதற்கு விடை தரும் நூலாக நெடுங்காலம் விளங்கியது, டி. ஆர். வாக்கர் எழுதிய ரோமானிய வெள்ளி நாணய அளவியல் பற்றிய நூல். 1976 முதல் 1978 வரை மூன்று பகுதிகளாக அது வெளிவந்தது. அதற்குப் பின்னால் உள்ள உழைப்பைக் குறைத்துப் பேச எவராலும் இயலாது. ஆயினும் அதன் விழுக்காடுகளை அப்படியே எடுத்தாள்வது தவறு என்பது என் கருத்து.

குறை அளந்தவரிடம் இல்லை, முறையில் இருக்கிறது. காசின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். செம்பு வெளியிடும் கதிரின் ஆற்றல் சுமார் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். வெள்ளியைத் துளைத்து வெளியே வர அதற்கு வலு போதாது. ஆகவே மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு ஆழத்துக்குக் கீழே உள்ள செம்பு நம் கருவிக்குத் தெரிவதே இல்லை.

மேற்பரப்போ நம்மை ஏமாற்றவே செய்யப்பட்டது! செம்பு கலந்த காசுவில்லையைச் சூடாக்கினால் மேலே உள்ள செம்பு ஆக்ஸைடாக மாறும். அமிலத்தில் இட்டால் அது கரைந்துபோகும். எஞ்சிய வெள்ளிப் படலத்தின்மேல் முத்திரை அடித்தால் காசு பளபளக்கும். பின்னர் மண்ணில் புதைந்து கிடக்கும் நூற்றாண்டுகளும் செம்பையே முதலில் அரிக்கின்றன. இப்படலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் மிஞ்சக்கூடும். ஆகவே விளிம்பைச் சற்றுத் தேய்த்துவிட்டு அளந்தாலும் பிழை முழுதும் நீங்காது.

பிழை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். கி.பி. 64இல் நீரோ, சுமார் 327 கிராம் எடையுள்ள ரோமானியப் பவுண்டுக்கு 84 காசுகள் என்றிருந்த கணக்கை 96 ஆக்கினான், கலப்பையும் கூட்டினான். அதற்கு முன் காசில் 98 விழுக்காடு அளவுக்கு வெள்ளி இருந்தது. மாற்றத்துக்குப் பின் 93 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்கிறது வாக்கரின் அளவு. கெவின் புட்சரும் மாத்யூ பான்டிங்கும் விளிம்பில் துளையிட்டு, மேற்புறத் தூளைத் தள்ளிவிட்டு, உள்ளிருந்த உலோகத்தை மட்டும் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது 80 விழுக்காடு! கணக்கிட்டால், ஒரு காசில் குறைந்த வெள்ளி முதல் அளவின்படி 16 விழுக்காடு; இரண்டாவதன்படி 28.

இதில் நமக்கும் பங்குண்டு. கோவை வட்டாரத்துப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுதி. நீரோவின் மாற்றத்துக்குப் பிந்திய தினாரியஸ் அரிது. தரம் குறைந்த காசை இங்குள்ளோர் விரும்பவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அதை எடைபோடும்போது 16க்கும் 28க்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. உருக்கிப் பார்க்கும் தட்டானிடம் மேற்பூச்சு செல்லுமா?

இன்று கையடக்க எக்ஸ் கதிர்க் கருவிகள் வந்துவிட்டன. அதைக் காசின் முகத்தில் வைத்து, '95 விழுக்காடு' என்று படித்து, 'உயர்ந்த வெள்ளி வகை' என்று விலை கூற ஒருவர் முன்வந்தால் வாங்குபவர் பாடு என்ன? உங்கள் கல்லூரி ஆய்வகத்தின் நல்ல தராசு இதைவிட நேர்மையானது. 3.4 கிராம் காசை நீரில் எடைபோட்டால், 80 விழுக்காட்டுக் காசு 93.5 விழுக்காட்டுக் காசைவிடச் சுமார் 8 மில்லிகிராம் கூடுதலாக எடை இழக்கும். ஆனால் அரிப்பால் நுண்துளை விழுந்த காசு இங்கும் காலை வாரிவிடும்.

துளையிடுவதே உறுதியான வழி. உலகில் ஒன்றே உள்ள காசைத் துளையிட எந்த அருங்காட்சியகம் இசையும்? ஆகவே அதிக விலை பெறும் வகைகளைப் பற்றித்தான் நம் அறிவு மிகக் குறைவு. பிரிட்டனின் ஐஸிஸ் ஆய்வுக்கூடத்தில் முயூவான் துகள்களைக் காசுக்குள் வேண்டிய ஆழத்தில் நிறுத்தி, துளையிடாமலே உட்புறத்தை அளந்திருக்கிறார்கள். அதற்குத் துகள் முடுக்கி வேண்டும். சேகரிப்பாளர் அதை எங்கே தேடுவார்?