ஏட்டில் இல்லாத நியாயப்பிரமாணம்

மோவாபியர் செய்த குற்றம் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி எடுத்துச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஏதோம் ராஜாவின் எலும்புகளை அவர்கள் நீறாகிப் போகும்வரை எரித்தார்கள். செத்தவனையும் விடாத வன்மம். இதில் இஸ்ரவேலருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் அந்நிய ஜாதியார். இருவருமே சீனாய் மலையடியில் நின்றவர்கள் இல்லை, கற்பலகைகளைக் கண்டவர்களும் இல்லை. ஆனாலும் கர்த்தர் இதை விசாரிக்காமல் விடமாட்டார் என்று தெக்கோவா ஊர் மேய்ப்பரான ஆமோஸ் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அறிவித்தார்.

அவருடைய முதல் இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தால், குற்றப்பத்திரிகைகள் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை என்பது தெரியும். தமஸ்கு, கீலேயாத்தின் ஜனங்களைப் போரடிக்கும் இரும்புக் கருவிகளால் நசுக்கியது. அம்மோன், எல்லையை விரிவாக்குவதற்காகக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. தீரு, சகோதர உடன்படிக்கையை மறந்து சிறைப்பட்டவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டது. இவர்களில் யாரையும் பார்த்து ஓய்வுநாளை ஏன் மீறினாய், பலியை ஏன் செலுத்தவில்லை என்று தீர்க்கதரிசி கேட்கவில்லை. யூதாவின் முறை வரும்போது மட்டும் வழக்கு மாறுகிறது: கையில் இருந்த வேதத்தை அவர்கள் தள்ளிவிட்டார்கள். வேதம் பெற்றவனுக்கு வேதமே சாட்சி. பெறாதவனிடம் கேட்கப்படுவது, மனிதனாய்ப் பிறந்தவன் எவனும் அறிந்திருக்கக் கூடியதைப் பற்றி.

வேதத்தைக் கேள்விப்படாதவனுக்குப் பாவம் உண்டா என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி அது. திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக அதற்குப் பதில் சொல்லிவருகிறது. பதில்கள் ஒன்றுபோல் இல்லை. அவற்றை எடைபோட எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஏட்டில் இல்லாத நியாயப்பிரமாணம் என்னும் போதனையை ஒருவர் யாரை நோக்கித் திருப்புகிறார் என்று பார்க்கிறேன். அந்த அளவுகோலைப் பவுலிடமிருந்துதான் பெற்றேன்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் கி.பி. 57 வாக்கில், கொரிந்துவில் காயு என்பவரின் உபசரிப்பில் இருந்தபோது, தெர்தியுவைக் கொண்டு எழுதுவித்தார் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. முதல் அதிகாரம் புறஜாதியாரின் அக்கிரமங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பக்திமான் தலையாட்டும் நேரம் பார்த்து, இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அவன் பக்கம் திரும்புகிறார்: மற்றவனுக்குத் தீர்ப்பு எழுதும் நீயும் அதையே செய்கிறாயே! நியாயப்பிரமாணம் இல்லாதவர்களும் சுபாவமாக அதன்படி நடப்பது உண்டு, அதன் கிரியை அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது, அவர்கள் மனச்சாட்சி கூட இருந்து சாட்சி சொல்கிறது என்பதெல்லாம் அந்தச் சூட்டோடு வரும் வார்த்தைகள். விருத்தசேதனம் இல்லாதவன் ஒருநாள் உன்னை நியாயந்தீர்ப்பான் என்று அதே அதிகாரத்தின் முடிவில் வேதம் வைத்திருப்பவனிடம் சொல்கிறார். வெளியாரின் ஆத்தும நிலையைக் கணக்கெடுக்க எழுதப்பட்ட பகுதியாக இதை வாசிப்பது பவுலுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆதிச்சபையில் இதை மிக அழகாக விளக்கியவர் யோவான் கிறிசோஸ்தோம். 387இல் அந்தியோகியாவில் வரிக்கு எதிராகக் கலகம் மூண்டு, கூட்டம் அரசகுடும்பத்துச் சிலைகளை இழுத்துத் தள்ளியது. ராஜதண்டனை எப்போது வருமோ என்று நகரமே நடுங்கிய அந்த லெந்து நாட்களில் அவர் தொடர்ந்து பிரசங்கித்தார். ஒரு பிரசங்கத்தில் பத்துக் கற்பனைகளைப் பற்றி ஒரு நுட்பமான கேள்வி எழுப்பினார். ஓய்வுநாளைக் கட்டளையிடும்போது தேவன் காரணமும் சொல்கிறார். கொலை கூடாது என்னும்போது ஏன் காரணம் சொல்லவில்லை? கொலை தீது என்பதை மனச்சாட்சி ஏற்கெனவே கற்பித்துவிட்டது. தெரிந்த காரியத்தை நினைவூட்டினால் போதும் என்பது அவர் விடை. வேதத்தை வார்த்தை வார்த்தையாய் உற்றுப் பார்த்தவருக்கே தோன்றக்கூடிய விடை இது.

காசா அருகே 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மடத்துத் தலைவர் தொரோத்தேயு மனச்சாட்சியைப் பற்றித் தம் சீடர்களுக்குத் தனியாகவே ஒரு போதனை செய்தார். முற்பிதாக்கள் நியாயப்பிரமாணம் எழுதப்படுமுன் தேவனுக்குப் பிரியமாய் நடந்தது இதைக்கொண்டுதான் என்றார். பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட கிணறுகளைப் போல் மனிதர் அதை மண்போட்டு மூடியதால்தான் எழுதிய கற்பனை தேவைப்பட்டது என்பது அவர் விளக்கம். அவர் போதனையில் என்னை நிறுத்தி வைக்கும் இடம் வேறொன்று. தேவனுக்கும் அயலானுக்கும் முன்பாக மட்டும் அல்ல, நாம் புழங்கும் பொருள்களைக் குறித்தும் மனச்சாட்சி உண்டு என்கிறார். இன்னும் சில நாள் உடுத்தலாம் என்ற துணியை ஓயாமல் துவைத்து நைந்துபோகச் செய்வதும் அவர் பார்வையில் மனச்சாட்சியை மிதிப்பதுதான். எந்தச் சட்டப் புத்தகம் இதை எழுதிவைக்கும்? சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்தெடுத்த பிறகு தாவீதின் இருதயம் அவனை அடித்ததே, அதற்கும் எழுதிய கற்பனை ஒன்றும் இல்லை.

மேற்குச் சபையில் விவாதம் சூடாக நடந்தது. சுபாவ அறிவும் சுயாதீன சித்தமும் பாவமில்லாமல் வாழப் போதும் என்ற திசையில் பெலேஜியஸ் போனார். 418இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. எதிர்த்து நின்ற அகஸ்டினும் இருதயத்தில் எழுதிய பிரமாணத்தை மறுக்கவில்லை. ஒரு திருடன் தன் வீட்டில் இன்னொருவன் திருடினால் பொறுப்பானா என்று தம் பாவ அறிக்கை நூலிலேயே கேட்கிறார். பதினாறு வயதில் பசியில்லாமலே பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்த தம் கதையை அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வைக்கிறார். அறிவது ஒன்று, செய்ய வல்லமை பெறுவது வேறு. அதற்குக் கிருபை வேண்டும். பிற்கால மேற்கத்திய மரபுகள் எல்லாம் இந்தக் கோட்டின் இரு பக்கங்களில் எங்காவது ஓரிடத்தில்தான் நிற்கின்றன.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் ஒரு வழக்கறிஞரின் கவனத்தோடு இதை வகுத்தார். தவறாய் விளங்கிக்கொண்ட மனச்சாட்சியும் மனிதனைக் கட்டுப்படுத்தும். அதை மீறுகிறவன் தீமை என்று தான் நம்பியதையே செய்கிறவன். கிறிஸ்துவை விசுவாசிப்பது தீது என்று ஒருவன் மெய்யாகவே எண்ணினால், அந்த எண்ணத்தோடு விசுவாசிப்பதும் அவனுக்குத் தவறாகும் என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் கட்டுப்படுத்தும் மனச்சாட்சி எல்லாம் மன்னிப்புக்கு வழி ஆகிவிடாது. அறியவேண்டியதை அறியாமல் இருந்ததே குற்றம் என்றால் போக்குச் சொல்ல முடியாது. பிறன் மனைவியைச் சேர்வது சரி என்று எண்ணியவனுக்குத் தப்பில்லை. இவள் இன்னாள் என்று ஆள் தெரியாமல் ஏமாந்தவனுக்கு உண்டு. சாராளைத் தங்கை என்று நம்பி அழைத்துக்கொண்ட அபிமெலேக்கிடம், நீ கபடில்லாமல் செய்தாய் என்று தேவனே ஒத்துக்கொள்ளும் ஆதியாகமக் காட்சியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காட்டிலே ஓநாய்களோடு வளர்ந்தவனுடைய கதி என்ன என்ற கேள்விக்கும் அக்வினாஸ் பதில் வைத்திருந்தார். அவன் சுபாவ அறிவின்படி நன்மையை நாடினால், கொர்நேலியுவிடம் பேதுரு அனுப்பப்பட்டதுபோல் தேவன் ஒரு போதகரை அனுப்புவார், அல்லது உள்ளத்திலேயே வெளிப்படுத்துவார்.

இந்த வகுப்பறை வாதம் உயிருள்ள மனிதரின் கழுத்துக்கு வந்தது அமெரிக்காவில். 1513 முதல் ஸ்பானியப் படைகள் ஒரு பிரகடனத்தைக் கொண்டுபோயின. திருச்சபைக்கும் அரசருக்கும் பணியுங்கள், இல்லாவிட்டால் போரும் அடிமைத்தனமும் வரும், பழி உங்கள் மேலேயே இருக்கும் என்பது அதன் சாரம். கேட்கிறவர்களுக்குப் புரியாத பாஷையில் அதை வாசித்துவிட்டு வாளை உருவினார்கள். எழுதிய சட்டம் எவ்வளவு கீழே போகமுடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். 1539இல் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா எழுந்து நின்று, சுவிசேஷம் கேள்விப்படாத அந்த ஜனங்களுக்கு அவிசுவாசப் பாவம் இல்லை என்றார். அதோடு நிறுத்தவில்லை. அவர்கள் நம்பும்படியாக முன்வைக்கப்பட்டது என்ன? அற்புதங்களையோ பரிசுத்த வாழ்க்கையையோ பற்றி எனக்குச் செய்தி இல்லை, கொடுமைகளைப் பற்றித்தான் செய்தி வருகிறது என்றார். விரல் பவுல் காட்டிய திசைக்கே திரும்பியது.

சீர்திருத்தச் சபைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மோசேயின் பிரமாணம் சுபாவப் பிரமாணத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கே புறஜாதியாரைக் கட்டும் என்றார் லூத்தர். சுபாவப் பிரமாணத்தின் வேலை மனிதனுக்குச் சாக்கு இல்லாமல் செய்வதே என்றார் கால்வின். கண்டிப்பான பதில், ஆனால் மனிதனின் தந்திரத்தை அறிந்தவரின் பதில். வெஸ்லி, நாம் சுபாவம் என்கிற மனச்சாட்சியே சுபாவம் அல்ல, எல்லா மனிதருக்கும் முந்திவந்து சேரும் கிருபை என்றார். எனக்கு மிக நெருக்கமான பதில் இதுதான்.

நம் மண்ணிலும் இது சோதிக்கப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். வேதம் இல்லாத ஜனங்களிடமும் நீதியறிவு இவ்வளவு இருக்கிறது என்பதை ஐரோப்பியர் காணவேண்டும் என்று அவர் விரும்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து மிஷன் பணியை மேற்பார்த்தவருக்கு இது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்ற எண்ணத்தில், 1713இல் முடித்த அவருடைய தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூல் கிடப்பில் போடப்பட்டது. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. இருதயத்தில் எழுதியிருக்கிறது என்ற பவுலின் வார்த்தையை நேரில் கண்டு சாட்சி சொன்னவரைவிட, அதைப் பிரசங்கத்தில் மட்டும் கேட்டவர்கள் அதிகமாய்ப் பயந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

20ஆம் நூற்றாண்டில் இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று வந்தது. 1934இல் இறையியலாளர் எமில் புருன்னர் சுபாவ வெளிப்பாட்டுக்கு இடம் கேட்டபோது, கார்ல் பார்த் ‘இல்லை’ என்பதையே தலைப்பாக்கி மறுப்பு எழுதினார். இரத்தமும் தேசமும் தேவனின் குரல் என்று ஜெர்மனியில் போதகர்களே பேசிய நாட்கள் அவை. உள்ளத்தின் குரல் என்று வரும் எல்லாவற்றுக்கும் கதவு திறந்தால் யார் நுழைவார்கள் என்று அவர் கண்ணெதிரே கண்டார். இந்த எச்சரிக்கையை லேசாகத் தள்ளமுடியாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், மனச்சாட்சி மனிதன் தேவனோடு தனித்திருக்கும் இடம் என்று உயர்த்திச் சொன்ன அதே பத்தியில், பாவப்பழக்கத்தால் அது குருடாகிவிடக்கூடும் என்றும் சேர்த்தது.

ஆனால் குருடாவது மனச்சாட்சி மட்டுமா? கையில் வேதம் இருந்தும் குருடாய் வாசிக்கலாம். 1740களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹாலி ஊரில் ஒரு கடையில் ஜான் வுல்மன் என்ற குவேக்கர் சபை இளைஞர் வேலைபார்த்தார். ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டேன், விலைச்சீட்டு எழுது என்றார் முதலாளி. வாங்குகிறவரும் அங்கே காத்திருந்தார், அவரும் அதே சபையைச் சேர்ந்த முதியவர். அடிமைகளை வைத்திருக்கலாம் என்பதற்கு அந்நாளில் வசனங்களை அடுக்கிக் காட்டப் பலர் இருந்தார்கள். வுல்மன் எழுதிக்கொடுத்தார், ஆனால் உள்ளம் அலைக்கழிந்தது. அடிமை வைப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று அந்த இருவர் முன்னிலையிலேயே சொன்னார். அடுத்த முறை இன்னொருவர் கேட்டபோது எழுத மறுத்தார்.

அதன்பின் அவர் வீடுவீடாகப் போனார். அடிமைகள் உழைக்கும் வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் செய்த பணிவிடைக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். வெளியாரைத் திருத்தப் போன பயணங்கள் அல்ல அவை; அவர் உட்கார்ந்து பேசியது தம் சபையாரோடு. 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுக்கும் எவரும் சபையில் அங்கமாய் இருக்கமுடியாது என்று பிலதெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக்கூட்டம் தீர்மானித்தது.