பட்டியல் தரும் சொல்லும் பாட்டு தரும் சொல்லும்

தென்காசியில் வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் ஒரு நோட்டு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், அதன் கீழே சினானிம், ஆன்டனிம். ‘தினம் பத்து வேர்டு’ என்பது கணக்கு. குற்றாலம் பஸ்ஸில் போகும்போதுகூட உதடு அசைய அதை உருப்போடுவார்கள். மனசில் இருப்பதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வரவில்லையே என்ற தவிப்பு அவர்களுக்கு உண்மையானது. அந்தத் தவிப்பை இந்த நோட்டு எவ்வளவு தூரம் தீர்க்கிறது என்பதை எடைபோட வேண்டிய கடமை, அவர்கள் மேல் அக்கறை கொண்ட எல்லோருக்கும் உண்டு. என் முடிவு இது: பட்டியல் சொல்லை அறிமுகம் செய்துவைக்கும், அதை நம் வாயில் பழகவிடுவது வேறொன்று.

முதலில் பட்டியலின் பக்கம் உள்ள நியாயம். எஸ்.எஸ்.சி. வினாத்தாளில் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், தொடருக்கு ஒரு சொல், மரபுத்தொடர் எல்லாம் நேராகவே கேட்கப்படுகின்றன. ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப்போகும் இடத்தில், உருப்போடாதே என்று உபதேசம் செய்வது பொறுப்பான பேச்சல்ல. அறிவியலும் பட்டியலை முழுக்கத் தள்ளிவிடவில்லை. படித்ததை மனம் எவ்வளவு வேகமாக இழக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் அளந்து காட்டினார். ஒரே நாளில் நூறு முறை படிப்பதைவிட, நாள்களை இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கும் என்பது அவர் வழியாக நாம் அறிந்தது. ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு இத்தனை சொல்லும் தானாக வந்து சேராது. ஏதோ ஒரு குறுக்குவழி வேண்டும். சொல் அட்டை வைத்துப் படிப்பதை நேஷனும் ஆதரிக்கிறார்.

நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய ‘வேர்டு பவர் மேட் ஈஸி’ இன்னும் இங்கே கைமாறிக்கொண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. அது சொல்லை வேரோடு பிடுங்கிக் காட்டுகிறது. ‘ஆந்த்ரோபோஸ்’ என்ற கிரேக்க வேர் மனிதனைக் குறிக்கும் என்று தெரிந்துகொண்டால் மிசாந்த்ரோப், ஃபிலாந்த்ரோபி, ஆந்த்ரோபாலஜி மூன்றும் ஒன்றாக வசப்படும். பகுதி, விகுதி பிரித்துப் படித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது பிடிபடாத வித்தையே அல்ல.

உருப்போடுவதும் நமக்குப் புதிதல்ல. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என்ற நிகண்டுகள் எல்லாம் சொற்பட்டியல்கள்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு மனப்பாடம் பண்ணித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. நிகண்டு படித்தவன் அந்தாதியும் சதகமும் புராணமும் கூடவே படித்தான். நேற்று நிகண்டில் கண்ட சொல், இன்று ஒரு செய்யுளில் உயிரோடு எதிர்ப்பட்டது. இன்றைய நோட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு செய்யுளும் இல்லை, கதையும் இல்லை. பட்டியலிலிருந்து வினாத்தாளுக்குப் போகிறது சொல், வினாத்தாளோடு முடிந்துபோகிறது.

இதனால் வரும் குறைகளில் முதலாவது, சொற்களெல்லாம் ஒரே எடை ஆகிவிடுவது. ‘தின், ஸ்லிம், ஸ்கின்னி’ மூன்றுக்கும் நோட்டில் ஒரே பொருள்: ஒல்லி. ஒருவரை ஸ்லிம் என்றால் மகிழ்வார். ஸ்கின்னி என்றால் முகம் சுண்டும். இரண்டாவது, ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியாமல் போவது. மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’, டீயும் ‘ஸ்ட்ராங்’. டீயை ‘பவர்ஃபுல்’ என்று ஆங்கிலம் பேசுகிறவர் சொல்வதில்லை. அகராதி இந்த உறவைச் சில நேரம் சொல்லும். நோட்டு சொல்வதே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய குறை. சொல் வளம் என்றால் அடைமொழி வளம் என்று பட்டியல் நம்ப வைக்கிறது. ‘குற்றாலம் சீசன்’ பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால், ‘பியூட்டிஃபுல்’ என்று எழுதியதை அடித்துவிட்டு ‘மெஸ்மரைசிங்’ என்று போடுவார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ‘பிரெத்டேக்கிங்’. இந்தப் பத்து வரியை நயாகராவுக்கும் அப்படியே ஒட்டலாம், ஒகேனக்கல்லுக்கும் ஒட்டலாம். குற்றாலத்தைக் காணோம். பேரருவித் தண்ணீர் நேராக வந்து தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, கொதித்தெழுந்து, அப்புறம்தான் கீழே இறங்குகிறது. ஐந்தருவி ஐந்து கிளையாகப் பிரிகிறது. ஒன்றில் நின்றால் தோளில் அடிக்கும், ஒன்றில் வருடும். வரத்து மெலிந்த நாளில் பாறையில் கசியும்; வெள்ளம் வந்தால் இரையும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். இதைச் சொல்ல வேண்டிய ஆங்கிலம் ட்ரிக்கிள், கஷ், லேஷ், ரோர் என்ற சின்னச் சின்ன வினைச்சொற்கள். கஷ்டமான சொல்லைத் தேடும் பட்டியல் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது.

பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயருக்கு இந்த இரகசியம் தெரியும். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில், எல்லோரும் பள்ளியில் படித்த அந்த மலைவளப் பாட்டை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். முதல் ஆறு அடியும் வினைச்சொல்லில் போய் முடிகின்றன. குரங்கும் வேடரும் சித்தரும் அருவியும் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். மலை அழகாயிருக்கிறது என்ற பேச்சே அங்கே இல்லை. எந்த மொழியிலும் உணர்த்தும் ஆற்றல் இப்படித்தான் பிறக்கிறது.

ஆங்கிலத்துக்கும் இந்த மண்ணில் ஒரு வழி இருந்தது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், ஆங்கிலக் கவிதையில் ஊறியவர், பள்ளிப் பாடம் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, தாளத்தையும் பாவத்தையும் செவியால் பிடிப்பார்கள். அந்த வட்டத்தில் ஒருவரான நீதிபதி எஸ். மகராஜன், சாகித்ய அகாதமிக்காகக் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். டி.கே.சி.யின் நண்பர் ராஜாஜியின் ஆங்கில மகாபாரதத்தை எடுத்துப் பாருங்கள். பெரிதும் எளிய சொற்கள், குறுகிய வாக்கியங்கள். கண்ணீர் வரும் இடத்தில் வருகிறது. தமிழில் ருசி கண்ட நாக்குதான் ஆங்கிலத்திலும் ருசி கண்டது என்பதற்கு இவர்கள் சாட்சி.

இந்த வழியிலும் குறை உண்டு. அதை மறைக்கக் கூடாது. ரசனை ஒருவருடைய செவியை நம்பி நிற்பது. கம்பனில் தமக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. விலக்கியதைப் புலவர்கள் பலர் கண்டித்தார்கள். அளவுகோல் இல்லாத ரசனைக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதைவிட முக்கியம், நேரம். வட்டத்தொட்டியில் பெரும்பாலும் படித்து வேலையில் அமர்ந்தவர்கள் கூடினார்கள். இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அம்மா பீடி சுற்றித்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். பரீட்சைத் தேதி அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்காது. சாயங்காலம் முழுக்க ஒரு கவிதையோடு உட்கார்ந்திரு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பிள்ளைக்குப் பட்டியல்தான் கையில் கிடைக்கும் ஏணி.

ஆகவே பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் இடத்தைக் குறைத்து, பக்கத்தில் வாசிப்பை உட்கார வைக்க வேண்டும். பத்துச் சொல் ஐந்தாகட்டும். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருளோடு நிற்காமல், அது வந்த ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளட்டும். ஐந்தில் இரண்டேனும் வினைச்சொல்லாக இருக்கட்டும். தினம் ஒரு பக்கம், ராஜாஜியோ ஆர்.கே. நாராயணோ, வாய்விட்டுப் படிக்கட்டும். கூச்சம் போக இதைவிட நல்ல வழி இல்லை. வாரம் ஒருமுறை தன் ஊரில் கண்ட ஒன்றை, சந்தையையோ அருவியையோ அம்மாவின் கைவேலையையோ, அந்தச் சொற்களால் ஐந்து வரி எழுதட்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. பயிற்சி மையங்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். நூலகங்களில் ஞாயிறுதோறும் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தலாம். வேலை கிடைத்த பிறகும் அந்தப் பிள்ளை அலுவலகத்தில் கடிதம் எழுத வேண்டும், நேர்காணலில் தன்னைச் சொல்ல வேண்டும், நியாயம் கேட்க வேண்டும். பரீட்சையோடு மறந்துபோகும் ஆயிரம் சொல்லால் அது முடியாது. தனக்கென்று பழகிய முந்நூறு சொல்லால் முடியும்.