ஒரு மன்னிப்பும் ஒரு சட்டமும்

2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் இலங்கை மக்களிடம் மன்னிப்புக் கோரியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்களில் தன் தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதற்காக அது வருந்தியது. வருந்துவோரைக் குறைகூறுதல் பண்பன்று என்பர். ஆயினும் அவ்வறிக்கையைக் கண்டபோது நமக்கு நன்றியுணர்ச்சி தோன்றவில்லை.

நடந்தவற்றை நினைவுகூர்தல் நன்று. 2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் நால்வர் தாக்கினர். மார்ச் 3இல் அவர் உயிர்நீத்தார். அது குற்றமே, நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய குற்றம். ஆனால் அதற்கு முன்பே வேறொரு நஞ்சு பரவியிருந்தது. அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகின்றது என்னும் கட்டுக்கதை அது. உணவிலே கண்டது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அறிவிப்பு வந்தபோது பொய் மலையேறி விட்டது. மார்ச் 5இல் திகன எரிந்தது. எரிந்த வீடொன்றிலிருந்து ஓர் இளைஞனின் சடலம் மீட்கப்பட்டது. மறுநாள் அவசரகால நிலை. அதற்கும் மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கம். தீ மூட்டிய கைகள் தடுக்கப்படுமுன் நாடு முழுவதன் வாயும் அடைக்கப்பட்டது!

அந்நாட்களில் முஸ்லிம்களைக் கொல்லுமாறு சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவொன்றைக் குறித்து ஒருவர் முறையிட்டார். அப்பதிவு தமது விதிகளுக்கு மாறானதன்று என்பதே நிறுவனத்தின் மறுமொழி. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஊழியர் அங்கே போதிய அளவு இல்லை. இக்குறை திடீரென வெளிப்பட்டதோ? இல்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே முகநூலில் பெருகிய வெறுப்புப் பேச்சைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. கண்டி நகரின் சந்தொன்றில் துண்டுப்பிரசுரம் அச்சிடும் சிறிய அச்சகத்தாரும் தம் பெயரை அடியிலே பொறிக்கக் கடமைப்பட்டவர். வழக்கு வந்தால் கூண்டில் ஏறுபவர். நம் மக்களின் பேச்சையே சரக்காக்கிப் பொருளீட்டும் மாபெரும் நிறுவனமோ, அச்சரக்கின் மொழியைக் கற்கும் செலவைக்கூட மிச்சம்பிடித்தது. இது கவனக்குறைவன்று, இலாபக் கணக்கு.

அப்படியானால் அரசு சட்டத்தைக் கையிலெடுக்கட்டும் என்பர் நண்பர் சிலர். எடுத்தது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயத்தின் பெயரைத் தாங்கியது; இன, மதப் பகைமையைத் தூண்டுவதைத் தண்டிப்பது. பெயரும் நோக்கும் அழகியன. அது யார்மேல் பாய்ந்தது? 2019இல் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதங்கள் சிறையிருந்தார். 2020 ஏப்ரலில், திகனவுக்கு அயலிலுள்ள கட்டுகஸ்தோட்டையில், ஓய்வுபெற்ற அரச ஊழியரான ரம்சி ராசிக் கைதானார். வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப்போர் புரிவோம் என்று சிங்களத்தில் எழுதியதே அவர் செய்த பிழை. தமக்கு வந்த கொலை மிரட்டல்களைப் பற்றிப் பொலிஸில் முறையிட்டவரும் அவரே. ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் அடைபட்டிருந்தார். அவர் உரிமைகள் மீறப்பட்டன என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்.

கண்டிக்கு இப்பாடம் புதிதன்று. 1915 மே 28 இரவு, வெசாக் நாளிலே, இந்நகரின் பள்ளிவாசல் அருகே மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவி முஸ்லிம்களைச் சூறையாடிற்று. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறை புகுந்தனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கலவரத்தை அடக்கவென்று எழுந்த அதிகாரம், தனக்கு ஆகாதவர்களைத் தேடிச் சென்றது. பொன்னம்பலம் இராமநாதன் அக்கொடுமையைச் சட்டசபையில் கண்டித்தமையை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அப்பெருமையின் நிழலில் முஸ்லிம் மக்களின் துயரம் மறைந்ததை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு, எது பொய், எது தீங்கு என்று தீர்மானிக்கும் என அது வகுத்தது. திகனவின் பெயரைச் சொல்லி இதனை ஆதரிக்கும் முற்போக்காளரை நாம் கேட்கிறோம்: 2018இல் கொலைக்கு அழைத்தவர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லாதிருந்ததா? 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையும் இருந்தது. மகசோன் பலகாய அமைப்பின் தலைவர் கைதானது மார்ச் 8இல், கூரைகள் சாம்பலான பின்னர்.

கொலைக்கு அழைப்பது கருத்தன்று. அதைச் சுதந்திரத்தின் பெயரால் காக்க நாம் முன்வரோம். ஆனால் அதை விசாரிக்கும் இடம் பகிரங்க நீதிமன்றமாக இருக்கவேண்டும். முதலிற் கூண்டேற வேண்டியவர்கள் அப்பேச்சால் வாக்குப் பெற்றவர்களும் வருவாய் பெற்றவர்களுமே. கட்டுகஸ்தோட்டைக்காரர் அவ்வரிசையில் எங்குமே இல்லை.