பொறியும் கையும்: கற்கருவிச் சோதனைகளில் ஒரு முறையியல் சிக்கல்

சோதனைத் தொல்லியலில் பொறியைப் பயன்படுத்துவதா, மனிதக் கையைப் பயன்படுத்துவதா என்னும் வினா பெரும்பாலும் புறநிலை, அகநிலை என்னும் எதிர்வாகவே முன்வைக்கப்படுகிறது. பொறி ஒரே அடியை மாறாமல் அடிக்கும். கை அவ்வாறு அடிக்காது. ஆகவே பொறி தருவதே அறிவியல் தரவு என்பது அதன் சாரம். இம்முடிவு ஏற்கத்தக்கதன்று என்பதை, கண்ணாடியைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட இருவகைச் சோதனைகளின்வழி இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஹெரால்ட் டிபிளும் ஜான் விட்டேக்கரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், எஃகுக் குண்டுகளைக் கண்ணாடித் தகட்டின் விளிம்பில் விழச்செய்து செதில்களைப் பெயர்த்தனர். டிபிளும் ரெசெக்கும் 2009இல் இம்முறையை மேம்படுத்தி, அச்சில் வார்த்த கண்ணாடி மையக்கற்களைப் பொறியால் அடித்தனர். அடி விழும் தளத்துக்கும் மையக்கல்லின் புறமுகத்துக்கும் இடையிலான கோணம், அடி விழும் இடம் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தொலைவு ஆகிய இரண்டும் செதிலின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இவற்றால் தெளிவாயிற்று. கையால் செய்யும் சோதனையில் இக்காரணிகளைத் தனித்தனியே பிரித்தறிதல் அரிது. கண்ணாடி கல்லாகுமா என்னும் ஐயத்துக்கும், பிறவகைக் கற்களில் இதே சோதனையை நிகழ்த்திய 2020ஆம் ஆண்டு ஆய்வு பெருமளவு விடையளித்துள்ளது.

குஜராத்தின் கம்பாத் நகரில் வாலன்தீன் ரூ, பிளாந்தின் பிரில் முதலானோர் மேற்கொண்ட ஆய்வு வேறு திசையிலானது. அங்குள்ள மணி செய்வோர், நிலத்தில் சாய்வாக நட்ட இரும்புக் கூர்முனையில் கல்லை வைத்து, எருமைக்கொம்பாலான சுத்தியால் தட்டி உருவாக்குவர். ஆய்வாளர்கள் சுத்தியில் முடுக்கமானியைப் பொருத்தி, பழகிய கல்லோடு பழகாத கண்ணாடியையும் கைவினைஞரிடம் கொடுத்தனர். தேர்ந்தவர்கள் கண்ணாடிக்கேற்ப அடியின் முடுக்கத்தை மாற்றிக்கொண்டனர்; தேர்ச்சி குறைந்தோரிடம் அத்தகவமைவு காணப்படவில்லை.

பொருள் ஒன்றே; வினாக்கள் வேறு. முதற்சோதனையில் மாறுபாட்டை நீக்கக் கண்ணாடி பயன்பட்டது. இரண்டாவதில் மாறுபாட்டை வெளிக்கொணரப் பயன்பட்டது. பொறியாய்வு பிழையெனக் கருதி விலக்கும் கையின் வேறுபாடே, திறன் குறித்த ஆய்வில் தரவாகிறது. கம்பாத் ஆய்வில் அளவுக்கருவியும் இருந்தது என்பதால், கைச்சோதனை அளவீட்டுக்கு உட்படாதது என்னும் வாதமும் நிலைபெறாது. அதேவேளை, இரும்புக் கூர்முனையோடு பழகிய இன்றைய கையை இரும்பறியாக் காலத்துக் கையாக அப்படியே கொள்ளவும் இயலாது.

இவ்வேறுபாடு தமிழகச் சான்றுகளுக்கும் பொருந்தும். சூதுபவள மணித்தொழிலுக்குச் சான்றளிக்கும் கொடுமணலில், ஒரு கழிவுச்செதில் எவ்வாறு பெயர்ந்தது என்பது பொறியாய்வு துணைசெய்யும் வினா. முற்றுப்பெறாத மணி ஒன்று கற்போரின் தவறா, கல்லின் குறையா என்பதற்குப் பொறி விடை தராது. பொறியின் அடியெண்ணிக்கையைக் கொண்டு பண்டைக் கைவினைஞரின் உழைப்புநேரத்தைக் கணக்கிடுவதும் முறையன்று.

ஆகவே, கருவியைத் தேர்வதற்கு முன் வினாவை வரையறுத்தல் வேண்டும். கையால் சோதனை செய்வோர் தம் பயிற்சிக்காலத்தையும் உடைந்துபோன கற்களின் எண்ணிக்கையையும் ஆய்வறிக்கையில் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அப்பதிவில்லாத கைச்சோதனை, அளவு குறிக்காத பொறிச்சோதனைக்கு ஒப்பாகும்.