சிறு கீறலுக்கு ஒரு நிபந்தனை

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பன்று; பல தகடுகள். இடையிலுள்ள பொருத்துகள் விலகிக் கொடுப்பதால்தான் மூளை வளர இடம் கிடைக்கிறது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பொருத்து முன்கூட்டியே மூடிவிடுகிறது. உச்சந்தலைப் பொருத்து மூடுவதே அதிகம்; தலை படகுபோல் நீண்டுவிடும்.

1890இல் பாரிசில் அறுவை மருத்துவர் லானலோங் மண்டையோட்டிலிருந்து எலும்புக் கீற்றை வெட்டியெடுத்தார். அவரும் பின்வந்தவர்களும், மூளையே வளராததால் சிறுத்த தலைகளையும் திறந்தார்கள். அப்படி அறுக்கப்பட்ட 33 குழந்தைகளில் 15 பேர் இறந்ததை 1894இல் நியூயார்க் மருத்துவர் ஜேக்கபி எடுத்துக்காட்டிக் கடிந்துகொண்டார். தவறியது கையன்று, கணிப்பு.

இன்று இரு வழிகள். திறந்த அறுவையில் காதிலிருந்து காதுவரை கீறி, எலும்பை எடுத்துத் திருத்தி மீண்டும் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஆனால் தலையின் வடிவம் மேசையிலேயே திருந்திவிடும். 1998இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் ஹிமெனெஸும் பரோனும் வெளியிட்ட எண்டோஸ்கோப் முறைக்கு இரண்டு சிறு கீறல்கள் போதும். ரத்த இழப்பும் குறைவு. இதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். புகழில் விடுபடுவது ஹெல்மெட். கத்தி இங்கே வழியை மட்டுமே திறக்கிறது. வடிவம் தருவது மாதக்கணக்கில், நாளுக்கு 23 மணிநேரம் அணியும் அந்த ஓடுதான். தலை வளர வளர அதை அளவெடுத்துச் சரிசெய்ய ஆள் வேண்டும், அலைய வசதி வேண்டும். நம் ஊர் வெயிலில் அதை மாட்டியிருக்கும் குழந்தையின் பாட்டை எந்தக் கட்டணப் பட்டியலும் சொல்லாது.

அதைவிடக் கடுமையான நிபந்தனை வயது. மூன்று, நான்கு மாதத்தில் செய்தால் நல்லது. ஆறு மாதம் தாண்டினால் பலன் மங்கிவிடும். 'எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் வீட்டுக் குழந்தை இந்த வாய்ப்பை இழக்கிறது. அவசரத்திலும் ஆபத்துண்டு. 1992க்குப் பின் அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும் வழக்கம் பரவியதும் பின்தலை தட்டையான குழந்தைகள் பெருகினார்கள். பொருத்து மூடியதாகத் தவறாகக் கணித்துச் சிலரை அறுக்கவும் செய்தார்கள். ஜேக்கபி கண்ட பிழை நூறாண்டுக்குப் பின்னும் மிச்சமிருந்தது.

அபெர்ட், க்ரூஸோன் போன்ற நோய்களில் பல பொருத்துகள் மூடி, மூளையழுத்தம் பார்வையையே பறிக்கலாம். அங்கே அறுவையின் தேவையில் ஐயமில்லை. ஒரே பொருத்து மூடியவர்களில் அழுத்தம் கூடுவது சிறுபான்மையினருக்கே. அறுவைக்குப் பின்னும் சிலருக்குக் கற்றல் சிரமங்கள் இருக்கின்றன. ஆகவே 'மூளையைக் காப்பாற்றுகிறோம்' என்று பெற்றோரிடம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது நேர்மையன்று. பெருமளவு இது உருவத்துக்கான அறுவை. பள்ளியில் கேலிக்கு ஆளாகாமல் வளர்வதும் சிறு விஷயமில்லை; அதை அப்படியே சொல்லலாம்.

தாமதமாக வரும் குழந்தைக்குத் திறந்த அறுவையே வழி. டிரானெக்ஸாமிக் அமிலம் அதன் ரத்த இழப்பைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. அதைப் பழைய முறை என்று ஒதுக்க இடமில்லை.