உயர்ந்த கூரையின் கணக்கு

நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜிலும் அதற்குத் தெற்கே உள்ள சோஹோவிலும் விற்பனைக்கு வரும் 'லாஃப்ட்' வீடுகளின் விளம்பரங்களை நான் வாசித்து வருகிறேன். வாங்குறதுக்கு இல்ல. அதற்குப் பல லட்சம் டாலர் வேண்டும். ஒரு எழுத்து வகையாக வாசிக்கிறேன். கதைக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதும் நாம் இந்த எழுத்தைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஒரு இடத்தின் வரலாற்றை இன்று நாவலைவிட இந்த நாலு வரிதான் அதிகம் பேருக்குச் சொல்கிறது.

லாஃப்ட் என்றால் அண்டா குண்டான் போட்டுவைக்கிற பரண் இல்ல. பழைய தொழிற்சாலை, கிடங்குகளின் மேல்தளம்; நடுவில் சுவரில்லாத ஒரே கூடம். இந்த விளம்பரங்கள் திரும்பத் திரும்ப மூன்றைத்தான் விற்கின்றன: உயரம், வெளிச்சம், வரலாறு.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 250 கன அடி காற்று வேண்டும் என்றது. கூரை உயர்ந்தால் கன அடி கூடும். ஆனால் மெஷினைத் தரையில்தானே போடணும்? உயரத்தைக் கணக்கில் காட்டி அதே தரையில் இன்னும் அதிகம் பேரை உட்கார வைக்க முடிந்தது. காற்று தலைக்கு மேலே சட்டப்படி இருந்தது. கீழே முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். இன்று அதே உயரத்துக்கு 'விசாலம்' என்று பேர்.

அடுத்தது வெளிச்சம். விளக்குச் செலவில்லாமல் பகல் முழுக்க வேலை வாங்கத்தான் அந்தப் பெரிய ஜன்னல்கள். அப்படிப்பட்ட லாஃப்ட் கட்டடம் ஒன்று கிரீனிச் வில்லேஜில் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அன்று அதன் பேர் ஆஷ் கட்டடம். இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் கட்டடம். அதன் 8, 9, 10-ஆம் மாடிகளில் பெண்களின் மேல்சட்டை தைக்கும் ட்ரையாங்கிள் தொழிற்சாலை நடந்தது. 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்தது. 9-ஆம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். தீயணைப்பு ஏணி 6-ஆம் மாடியோடு நின்றுவிட்டது. செத்தவர்கள் 146 பேர். 123 பேர் பெண்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த யூதப் பெண்கள், இத்தாலியப் பெண்கள். பலர் அந்த ஜன்னல்களிலிருந்துதான் குதித்தார்கள். முதலாளிகள் இருவரும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே விடுதலை. தீத்தாங்கும் கட்டடம் என்று கட்டியது, அது நின்றது.

மூன்றாவது, வரலாறு. விளம்பரத்தில் வரலாறு என்பது ஓவியன் தூரிகையோடு மாடியேறும்போதுதான் ஆரம்பிக்கிறது. அதுக்கு முன்னாடி சோஹோ காலியாகக் கிடந்ததாம். காலின்னு சொன்னது யாரு? 1963-இல் செஸ்டர் ராப்கின் நகர நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். அங்கே தொழிற்கூடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பூர்ட்டோ ரிக்கர்கள், கறுப்பர்கள். 1971-இல் நகரம் அங்கே குடியிருக்க அனுமதி தந்தது, 'கலைஞர்' என்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே கூடத்தில் ஆண்டுக்கணக்காகத் துணி தைத்தவளை அந்தச் சான்றிதழ் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்த ஓவியர்களை நான் பழிக்கவில்லை. குளிரில் திருட்டுத்தனமாகக் குடியிருந்தார்கள். அந்தப் பகுதியை இடிக்க வந்த விரைவுச்சாலைத் திட்டத்தை மற்றவர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். 1969-இல் அது கைவிடப்பட்டது. அவர்கள் வாழ்முறையே எப்படிச் சந்தைச் சரக்கானது என்று ஷாரன் ஸூகின் 1982-இலேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். என் கேள்வி வேற. தேர்ந்தெடுத்த வறுமைக்கு 'போஹிமியன்' என்ற பேரும் விலையும் உண்டு. தேர்ந்தெடுக்காத வறுமை மட்டும் ஏன் விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெறவில்லை?

இன்னும் கீழே தோண்டினால் மண் பேசும். லெனாபே பழங்குடிகளின் பூமி அது. 1644-இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 11 ஆப்பிரிக்க அடிமைகளுக்கு 'அரை விடுதலை' கொடுத்தது. அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் இந்தப் பக்கங்களில் நிலமும் கொடுத்தது. நிபந்தனை: ஆண்டுதோறும் தானியமும் பன்றியும் கட்டணும், பிள்ளைகள் அடிமைகளாகவே இருக்கணும். பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் 1712-இல் வந்த சட்டம், அதன் பின் விடுதலையாகும் கறுப்பர் யாரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. கொடுத்த மாதிரி கொடுத்துப் பறிக்கிற வித்தை நமக்குப் புதுசில்ல.

ட்ரையாங்கிளில் அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்ட கடைசி ஆறு பேரின் பெயர்கள் 2011-இல்தான், அதாவது 100 ஆண்டு கழித்துத்தான், கண்டுபிடிக்கப்பட்டன. செத்தவர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் 2023-இல்தான் அந்தக் கட்டடத்தில் வந்தது. அதற்காக விடாமல் நின்றவர்களில் செத்தவர்களின் குடும்பத்தாரும் உண்டு. விளம்பரம் எழுதுகிறவர் அந்தத் தெருவழியாத்தான் போகிறார். இனி 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று அவர் எழுதும்போது நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தக் கூடத்தில் முதலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவங்க பேரு என்ன?